ராயபுரத்தில் எங்களுக்குக் கவுன்சிலிங் நடந்த கதை

“கவுன்சிலிங்ல அப்டி இன்னா பாப்பா சொன்னாங்கோ உங்க ரெண்டு பேருக்கும்?”

இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. ராயபுரத்தில் குடியிருந்தபோது பக்கத்துப் போர்ஷனில் இருந்த ஸ்டெல்லாக்கா இதைப் பலமுறை கேட்டிருக்கிறார். ஒரு கல்யாணப் பந்தியில், என் இலையில் பாயசம் விழுந்துகொண்டிருந்தபோதுகூடக் கேட்டார். ஒவ்வொரு தடவையும் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுவேன். பாயசம் நல்ல உதவி செய்தது. முந்தாநாள் அதே கேள்வி வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக வந்தது. குரல் பதிவுக்குப் பாயசம் உதவாது.

பதிவு வந்தபோது திருவொற்றியூரில் எங்கள் ஃபிளாட்டின் சமையலறையில் மகளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். ஊட்டிக்கொண்டிருந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. அவள் ஓடினாள், நான் துரத்தினேன். அவள் தலையில் ஒரு எவர்சில்வர் தூக்கைக் கவிழ்த்து ஹெல்மெட் மாதிரி மாட்டியிருந்தாள். அதன் விளிம்பில் ‘ஸ்டெல்லா தாஸ்’ என்று பெயர் வெட்டியிருக்கும். வருஷக்கணக்காகத் திருப்பிக் கொடுக்காத தூக்கு. சொந்தக்காரியின் குரல் போனில் கேட்கும்போது என் மகள் அதைத் தட்டித் தாளம் போட்டது எனக்குச் சகுனமாகத் தெரிந்தது. நல்ல சகுனமா கெட்ட சகுனமா என்றுதான் பிடிபடவில்லை.

“எங்க பொண்ணு ஜெனி கோச்சிகினு வந்து வூட்டுல குந்திகினு கீது பாப்பா. நர்ஸ் வேலைக்கு ஆர்டர் வந்துகீது, நாகர்கோயிலாண்ட. மாப்ள போவக்கூடாதுங்கறாரு. இது போயே தீருவேன்னுது. ஞாயித்துக்கெழம வந்து ஒரு வார்த்த சொல்லு. உங்களுக்குக் கவுன்சிலிங்ல இன்னா சொல்லி சேத்து வெச்சாங்களோ, அத்தயே சொல்லு போதும்.”

சிக்கல் என்னவென்றால், நாங்கள் பிரியவே இல்லை. எங்களை யாரும் சேர்த்து வைக்கவும் இல்லை. அப்படிப்பட்ட கவுன்சிலிங்குக்கு நாங்கள் போனதே இல்லை. ஆனால் ராயபுரத்தில் அந்த முற்றத்தைச் சுற்றி இருந்த ஐந்து குடும்பங்களும் இதை நம்பாது. எப்படி இந்த நிலைமை வந்தது என்பதைச் சொல்கிறேன், கேளுங்கள். கேட்டுவிட்டு நீங்கள்தான் எனக்கு ஒரு வழி சொல்ல வேண்டும்.

எம்.பி.பி.எஸ். கடைசி வருஷத்துக்கும் ஹவுஸ் சர்ஜன் வருஷத்துக்கும் நடுவில் எனக்குக் கல்யாணம் ஆனது. என் கணவருக்குத் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் வேலை. எது வந்தது, எது போனது, எது எங்கே நிற்கிறது என்று பார்க்கும் வேலை. எனக்கு ஆஸ்பத்திரி பக்கம், அவருக்கு ஒரே பஸ் என்று ராயபுரத்தில் அந்தப் போர்ஷனைப் பிடித்தோம். நடுவில் முற்றம். முற்றத்தின் நடுவில் அடிபம்பு; அதன் தண்ணீரில் இரும்பு வாடை அடிக்கும். இப்போது என்னிடம் வரும் குழந்தைகளுக்கு இரும்புச்சத்து டானிக் எழுதும்போது சில அம்மாக்கள் மூடியைத் திறந்து மோந்து பார்த்து முகம் சுளிப்பார்கள். எனக்கோ அந்த வாசனை வந்ததும் கையில் பம்பின் பிடியும் காலில் சில்லென்ற தண்ணீரும் வந்துவிடும். அந்தத் தண்ணீரில் துவைத்துத்தான் என் வெள்ளைக் கோட்டு, பழைய சாமியார் வேட்டி நிறத்துக்கு வந்தது.

ஹவுஸ் சர்ஜன் முடிந்தது. மேற்படிப்புக்கான நுழைவுத்தேர்வும் எழுதினேன். ரேங்க் வந்தது. ரொம்ப நல்ல ரேங்க்கும் இல்லை, சொல்ல வெட்கப்படும் ரேங்க்கும் இல்லை. கண்ணீரும் வராமல் லட்டும் வாங்காமல் விடுகிற ரேங்க். அதற்கப்புறம் காலேஜ் சீட்டு ஒதுக்கும் கவுன்சிலிங் இதோ வருகிறது, அதோ வருகிறது என்று தள்ளிக்கொண்டே போனது. டாக்டர்தான், ஆனால் வேலை இல்லை. மாணவிதான், ஆனால் காலேஜ் இல்லை. காலையில் குளித்துத் தலைவாரி முடித்ததும் அன்றைய வேலை முடிந்துபோகும். மிச்ச நேரத்தில் என்ன தேர்ந்தெடுப்பது என்று யோசிப்பேன். நான் யோசித்தால் தோசைகூடக் கருகும்.

யோசனை இதுதான். எனக்குக் குழந்தை மருத்துவம் படிக்க ஆசை. என் ரேங்க்குக்கு அது சென்னையில் கிடைக்காது. திருநெல்வேலிப் பக்கம் போனால் கிடைக்கலாம். சென்னையிலேயே இருக்க வேண்டுமென்றால் உடற்கூறியல் கிடைக்கும். அதாவது காலமெல்லாம் உடல்களை அறுத்து மாணவர்களுக்குக் காட்டும் படிப்பு. மோசமான படிப்பில்லை. எனக்கு உயிரோடு அழுகிறவர்கள் வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கல்யாணமான புதிதில் மூன்று வருஷத்துக்குப் புருஷனை விட்டுவிட்டுப் போவதா?

அவரிடமே கேட்டேன். “உன் இஷ்டம்” என்றார்.

தமிழில் இதைவிடக் கஷ்டமான வாக்கியம் ஒன்று இருக்கிறதா என்று தெரியவில்லை. உடம்பைக் கூறுபோட்டுப் படித்தவள் நான், அந்த இரண்டு வார்த்தையைக் கூறுபோட முடியவில்லை. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னாரே, அப்படியானால் அக்கறை இல்லையா? ‘இஷ்டம்’ என்பதில் ஒரு அழுத்தம் இருந்ததே, கோபமா? திரும்பக் கேட்டால் திரும்பவும் “உன் இஷ்டம்தான்” என்பார். இப்போது ‘தான்’ ஒன்று சேர்ந்துகொண்டது. அதற்கு என்ன அர்த்தம் என்று அடுத்த நாள் யோசிப்பேன்.

இந்தக் குழப்பத்தையெல்லாம் என் தோழி சுதாவிடம் போனில் கொட்டுவேன். அவளும் கவுன்சிலிங்குக்குக் காத்திருந்தவள். எங்கள் போர்ஷனுக்குள் சிக்னல் வராது. அடிபம்புக்குப் பக்கத்தில், துவைக்கிற கல்லின்மேல் நின்றால் வரும். போனில் காது வைக்கிற பக்கம் பழுதாகியிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச முடியும். ஆகவே இரண்டு பக்கத்துப் பேச்சும் முற்றத்துக்கே ஒலிபரப்பாகும். அதனால் என்ன, படிப்பு விஷயம்தானே, யாருக்கு என்ன புரியப்போகிறது என்று நான் கத்திப் பேசினேன்.

“மொத ரவுண்டு கவுன்சிலிங்ல ஒண்ணும் சரியா அமையாதுடி.”

“கைல இருக்கறத விட்டுடாத. அத வெச்சுக்கிட்டே இரு. அதவிட நல்லது வந்தா மாறிக்கலாம்.”

“மாறினா பழசு திரும்பக் கிடைக்காதே?”

“கிடைக்காது. அத வேற யாராவது எடுத்துப்பாங்க.”

“எனக்குக் குழந்தைதான்டி வேணும். இங்கயே இருந்தா கிடைக்காது. வெளியூர் போனாதான் உண்டு.”

“அப்ப போயேன்.”

“இவர நெனச்சாதான் பாவமா இருக்கு. ஆனா இங்கயே இருந்தா காலம் பூரா பொணத்தோடதான் குப்பை கொட்டணும்.”

இப்போது எழுதிப் பார்க்கும்போது எனக்கே காது கூசுகிறது. அன்று பம்பைச் சுற்றித் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் குடத்தை நிறைய விட்டு, வழியவும் விட்டு, அங்கேயே நின்றுகொண்டிருந்தது எனக்கு வித்தியாசமாகப் படவில்லை. ராயபுரத்தில் எல்லோருமே நிதானமானவர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கடுத்த நாள்களில்தான் அந்தத் தூக்கு எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தது. ஸ்டெல்லாக்காவின் கணவர் தாஸ் அண்ணன் காசிமேட்டில் ஒரு லாஞ்சில் டிரைவர். கடலுக்குப் போய்வந்தால் அவர் வீட்டுக்கு நல்ல மீன் வரும். குழம்பில் பெரிய தலையாகப் பார்த்துத் தூக்கில் போட்டு, “தம்பி சாப்புடட்டும், ஒடம்பு தேறட்டும்” என்று கொடுப்பார் அக்கா. எனக்கு ஒரு துண்டுகூட இருக்காது. மறுநாள் நண்டு. அதற்கும் மறுநாள் எறா. என் கணவருக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. வாரம் ஒருநாள் கறி சாப்பிட்டு வளர்ந்தவர், தினமும் மீன் தலையோடு போராடினார். முற்றத்தைத் தாண்டும்போது பெண்கள் அவரைப் பரிதாபமாகப் பார்ப்பதாகவும், தன் முதுகில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்றும் என்னிடம் கேட்டார். பார்த்தேன். ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஸ்டெல்லாக்கா வந்து, எங்கள் பேரைச் சொல்லி மறுநாள் கோயிலில் பூசை வைத்திருப்பதாகச் சொன்னார். மாதா கோயில் பூசைக்கு முன்னால் யார் யாருக்காக, என்ன கருத்துக்காக என்று மைக்கில் வாசிப்பார்களாம். நான் நெகிழ்ந்துபோனேன். ஒரு வேற்று மதத்துக்காரியின் படிப்புக்காகப் பூசையா என்று. “ரெண்டாவது ரவுண்டுக்குள்ள ஒரு முடிவு வந்துடணும்னு வேண்டிக்கோங்கக்கா” என்றேன். அக்கா என் கன்னத்தைத் தடவி, முடிவு என்ற வார்த்தையை மட்டும் வாயில் எடுக்காதே என்றார். மைக்கில் வாசித்த கருத்து ‘குடும்ப சமாதானம்’ என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

விஷயம் உடைந்தது பம்படியில்தான். யாரும் இல்லாத நேரம் பார்த்து அக்கா கேட்டார். “தப்பா நெனச்சிக்காத பாப்பா. இந்தக் கவுன்சிலிங், கோர்ட்டாண்ட நடக்குதா, மகளிர் ஸ்டேஷன்லயா?”

எனக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. மீன் தலை, நண்டு, பூசை, துவைக்கிற கல்லின்மேல் நின்று நான் செய்த ஒலிபரப்பு. அவசர அவசரமாக விளக்கினேன். அவசரத்தில் நான் எதைச் சொன்னாலும் உருப்படாது என்பது என் அம்மாவுக்கு நான் பேச ஆரம்பித்த காலத்திலிருந்தே தெரியும்.

“அய்யோ அக்கா, அந்தக் கவுன்சிலிங் இல்ல. இது சீட்டுக்காகப் போறது.”

அக்கா குடத்தைக் கீழே வைத்தார். “சீட்டா? தம்பி சீட்டாடுதா?”

“ஆடறது இல்லக்கா. சீட்டு அவருக்கில்ல, எனக்கு.”

“நீயுமா ஆடற?”

மேற்கொண்டு நான் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. புருஷனைக் காட்டிக்கொடுக்காமல் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்ளும் பெண் என்று என்னைப் பற்றி முடிவுசெய்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். சாயங்காலத்துக்குள் முற்றம் முழுவதற்கும் தெரிந்துவிட்டது. கண்டெய்னர் யார்டில் கண்டெய்னர் மறைவில் சீட்டு நடக்கிறது, யார்டு தம்பி அதில் விழுந்துவிட்டது, அதனால்தான் குழந்தையும் இல்லை, அதனால்தான் பொண்ணு வெளியூர் போகிறேன் என்கிறது. எல்லாமே பொருந்தியது. எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இவருக்கு ரம்மியில் எத்தனை சீட்டு என்பதுகூடத் தெரியாது. கேட்டும் பார்த்துவிட்டேன்.

அவரிடம் நடந்ததைச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால் சிரிப்பாரா, வீட்டை மாற்றலாம் என்பாரா? யோசித்து முடிப்பதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. தாஸ் அண்ணன் காலையில் வந்து, “வா நைனா, மீனு வாங்கினு வரலாம்” என்று அவரைத் தோளில் கைபோட்டு அழைத்துப் போனார். தாஸ் அண்ணனின் கை தோளில் விழுந்தால் அது அழைப்பா கைதா என்று சொல்ல முடியாது.

அவர்கள் திரும்பியபோது நான் உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். தாஸ் அண்ணன் முற்றத்தின் நடுவில் நின்று, கடலில் அடுத்த படகைக் கூப்பிடும் குரலில் பொதுவாக எல்லோருக்கும் சொன்னார்.

“ஸ்டெல்லா, இவன ஒரே ஒரு கேள்வி கேட்டேன். சீட்டு முக்கியமா, பொண்டாட்டி முக்கியமா, ஒண்ணு சொல்லுன்னேன். இன்னா சொன்னான் தெரியுமா? சீட்டுதாண்ணே முக்கியம்ங்கறான்.”

என் கத்தி பாதி வெங்காயத்தில் நின்றது.

“சரி, அதுக்காவ பொண்ணு வுட்டுட்டுப் பூட்டா இன்னா பண்ணுவேன்னேன். எவ்ளோ தூரம் போனாலும் போட்டும்ண்ணே, நான் இங்க எப்டியாவது இருந்துக்கறேன், சீட்டு மட்டும் கைய வுட்டுப் போவக்கூடாதுன்னான். சொல்லிகினே கண்ணுல தண்ணி வேற வுடறான். இவன இன்னா பண்றதுன்னு நீயே சொல்லு.”

எட்டிப் பார்த்தேன். இவர் ஒரு கையில் மீன் பையோடு, மறு கையால் பின்கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். அங்கே ஒன்று விழுந்திருக்க வேண்டும்.

நான் அழுதேன். வெங்காயமும் ஒத்தாசை செய்தது. எத்தனையோ நாளாக ‘உன் இஷ்டம்’ என்பதை உரித்து உரித்துப் பார்த்தும் கிடைக்காத ஒன்று, மீன் சந்தையில் அடிவாங்கி முற்றத்தில் வந்து விழுந்தது. ஸ்டெல்லாக்கா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். “அழுவாத பாப்பா, ஒனக்கு நாங்க கீறோம்.” நான் அவர் தோளில் சிரித்துக்கொண்டிருந்தேன். குலுங்கும்போது இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

கதவைச் சாத்திக்கொண்டு இவரிடம் கேட்டேன், இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று.

“நீ கேக்கலயே. போகட்டுமான்னுதான் கேட்ட. எது முக்கியம்னு அவருதான் கேட்டாரு.” பிறகு பின்கழுத்தைத் தடவியபடி, “சரியாத்தானே சொன்னேன், எதுக்கு அடிச்சாரு?” என்றார்.

விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் மீன் நாறிப்போனது. கேட்டுவிட்டு அவர் கவலைப்பட்டது தன் மானத்தைப் பற்றி இல்லை. “அப்ப இனிமே நண்டு வராதா?” என்றார்.

கவுன்சிலிங்கின் விருப்பப் பட்டியலில் திருநெல்வேலியை முதலில் போட்டு, இனி மாற்ற முடியாதபடி பட்டியலைப் பூட்டினேன். இரண்டாவது ரவுண்டில் கிடைத்தது. பெட்டியோடு நான் எழும்பூருக்குக் கிளம்பிய அன்று முற்றம் சாவு விழுந்த வீடுபோல இருந்தது. தாஸ் அண்ணன் இவரோடு பேசாமல் என் பெட்டியைத் தானே தூக்கி ஆட்டோவில் வைத்தார். ஸ்டெல்லாக்கா அந்தத் தூக்கு நிறைய நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு கொடுத்தார். ரயிலில் மூடி லேசாகக் கசிந்தது. எனக்கு நேர் எதிரில் இருந்த பெரியவர் செங்கல்பட்டு வருவதற்குள் வேறு பெட்டிக்கு மாறிவிட்டார். செங்கல்பட்டுக்கு அப்புறம் நான் காலை நீட்டிப் படுத்துப் போனேன்.

சில மாதத்தில் இவர் தூத்துக்குடி அலுவலகத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். முற்றத்தின் பார்வையில் இதற்கு ஒரே அர்த்தம்தான்: பொண்டாட்டி பின்னாடியே ஓடிப்போய்க் காலில் விழுந்துவிட்டான். படிப்பு முடியும் சமயம் மகள் பிறந்தாள். சென்னைக்கு வந்ததும் அவளைத் தூக்கிக்கொண்டு ராயபுரம் போனோம். தாஸ் அண்ணன் குழந்தையைப் பார்த்தார். இவரைப் பார்த்தார்.

“சீட்டு இன்னா ஆச்சி?”

“முடிஞ்சிடுச்சிண்ணே. நல்லபடியா முடிஞ்சிடுச்சி.”

“அதான் மூஞ்சில ஒரு தெளிவு கீது.”

எனக்குக் குழந்தைதான் வேணும் என்று நான் கேட்டது கிடைத்துவிட்டதாக ஸ்டெல்லாக்கா மகளை வாங்கிக் கொஞ்சினார். இரண்டு அர்த்தத்திலும் அது உண்மை, அதனால் நான் மறுக்கவில்லை. படித்த படிப்பு என் குழந்தைக்கு உதவுகிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். ஊரார் குழந்தைகளுக்கெல்லாம் ‘ஒன்றும் இல்லை, பயப்படாதீர்கள்’ என்று தைரியம் சொல்லும் நான், என் மகள் இரண்டுமுறை தும்மினால் சுதாவுக்குத்தான் போன் செய்கிறேன்.

அந்த முற்றம் இப்போது இல்லை. இடித்துவிட்டு லிஃப்ட் வைத்த கட்டடம் கட்டியிருக்கிறார்கள். பம்பு இருந்த இடத்தில் பைக் நிறுத்துகிறார்கள். ஐந்து குடும்பமும் ஐந்து பக்கம் போயின. ஸ்டெல்லாக்கா தண்டையார்பேட்டையில் மூன்றாவது மாடியில் இருக்கிறார். எங்கள் ஃபிளாட்டில் எல்லா அறையிலும் சிக்னல் வருகிறது. சுதாவோடு குளியலறையில் நின்றுகூடப் பேசலாம். நான் பேசுவது சுவருக்கு அந்தப் பக்கம் கேட்பதில்லை. கேட்டாலும், மீன் தலையோடு கதவைத் தட்ட ஆளில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு என் பெயர்கூடத் தெரியாது. கதவில் ஒட்டியிருப்பதைப் பார்த்து ‘டாக்டர் மேடம்’ என்கிறார்.

இப்போது ஜெனி. முற்றத்தில் பள்ளிச் சீருடையோடு என் பாடப் புத்தகத்தைப் புரட்டி, எலும்புப் படங்களைப் பார்த்து வியந்த ஜெனி. நாகர்கோயிலில் வேலையில் சேரச் சொன்ன நாள் நெருங்குகிறது. நான் சொல்லும் ஒரு வார்த்தையில் மகள் ஆர்டரை மடித்து வைத்துவிட்டுப் புருஷன் வீட்டுக்குப் போய்விடுவாள் என்று ஸ்டெல்லாக்கா நம்புகிறார். எங்களைச் சேர்த்து வைத்தது என்று ஒன்று இருந்தால், அது ‘எவ்ளோ தூரம் போனாலும் போட்டும்’ என்று ஒருவர் சொன்னதுதான். அதை ஜெனியிடம் சொல்ல வேண்டுமென்றால் முழுக் கதையையும் சொல்ல வேண்டும். சொன்னால் தாஸ் அண்ணன்? ஒரே அடியில் ஒரு சீட்டாடியைத் திருத்திக் குடும்பத்தைக் காப்பாற்றிய கதையை அவர் லாஞ்சில் ஏறுகிற எல்லோருக்கும் சொல்லிவைத்திருக்கிறார். ஜெனியிடம் தனியாகச் சொல்லலாம் என்றால், அவள் ஸ்டெல்லாக்காவின் மகள். அன்று சாயங்காலத்துக்குள் தண்டையார்பேட்டைக்கே தெரிந்துவிடும்.

தாஸ் அண்ணனை விட்டு மாப்பிள்ளையிடமும் அதே கேள்வியைக் கேட்கச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். வேலை முக்கியமா, பொண்டாட்டி முக்கியமா என்று. அந்தப் பையன் உடனே “பொண்டாட்டிதான்” என்று சொல்லிவிடுவான். தாஸ் அண்ணன் கட்டிப் பிடித்துக்கொள்வார். ஜெனியின் கதை அங்கேயே முடிந்துவிடும்.

இவரிடம் கேட்டேன், ஞாயிற்றுக்கிழமை போய் என்ன சொல்வது என்று. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, “உன் இஷ்டம்” என்றார். ஸ்டெல்லாக்காவிடம் தாஸ் அண்ணனை இரவல் வாங்கி, அவரோடு இவரை ஒரு தடவை மீன் சந்தைக்கு அனுப்பினால்தான் பதில் வரும் போலிருக்கிறது.

தூக்கை மகள் தலையிலிருந்து பிடுங்கிக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டேன். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது தெரியும். அதில் ரவா லட்டு போட்டுக்கொள்ளலாம். வாய்க்குள் எதைப் போட்டுக்கொண்டு போவது என்பதுதான் தெரியவில்லை. உங்கள் வீட்டில் யாராவது, உண்மையைச் சொல்லி ஒரு பெண்ணை ரயிலேற்றிவிட்டு, அவளைப் பெற்றவர்கள் முகத்தையும் வாடவிடாமல் காப்பாற்றியிருந்தால், எப்படிச் செய்தார்கள் என்று எனக்கு எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதினால் நல்லது. “உங்கள் இஷ்டம்” என்று மட்டும் தயவுசெய்து எழுதிவிடாதீர்கள்.